தங்கமணி கேட்க நினைத்த அறை

செமினி டவுனுக்கு அந்தப் பக்கம், காட்டை ஒட்டின மேட்டில் நிலம் வாங்கியாகிவிட்டது. சனி ஞாயிறு போய் இருந்துவிட்டு வர ஒரு வீடு. சும்மா பலகை வீடு இல்லை. இரும்புத் தூண்மேல் தூக்கி நிறுத்தி, நாலு பக்கமும் கண்ணாடி போட்டு, படுத்தபடியே மரம் பார்க்கிற மாடர்ன் வீடு. முகுந்தன், ஜீவன், தாமரை மூன்று பேரும் சேர்ந்து கட்டுகிறார்கள். மூன்று பேரையும் வளர்த்து ஆளாக்கினவள் மூத்தவள் தங்கமணி. அக்காவைக் கேட்காமல் ஒரு துரும்பும் அசையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார்கள். கேட்டார்களா? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அம்மா போனபோது தங்கமணிக்குக் கல்யாண வயசு, மற்ற மூன்று பேருக்கும் பள்ளிக்கூட வயசு. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல் டாக்டர் கிளினிக் கவுண்டரில் போய் உட்கார்ந்தவள், தலை நரைத்துத்தான் எழுந்தாள். கல்யாணப் பேச்சு நாலைந்து வந்தது, பிறகு நின்றுபோனது. ஃபிளாட்டில் மூன்று அறை. அப்போது சீக்காளி அப்பாவுக்கு ஒன்று, தம்பிகளுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. இப்போது ஜீவனும் தாமரையும் கல்யாணமாகித் தனி வீடு போய்விட்டார்கள்; முகுந்தனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் ஒன்று, மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. தங்கமணிக்கு அன்றும் இன்றும் ஹால்தான். கடைசி ஆள் டிவியை அணைத்த பிறகு மடக்குக் கட்டிலை விரிப்பாள். முதல் ஆள் எழுவதற்குள் மடித்து அலமாரிக்குப் பின்னால் சொருகிவிடுவாள். அவளுக்கு ஒரே ஓர் ஆசை. சின்னதாக ஓர் அறை, அதற்கொரு கதவு, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள்.

பிளான் வரைகிற அனுப்பிரியா ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். கிள்ளான்காரப் பெண், கெட்டிக்காரி.

"ஆளுக்கு ஒரு ஆசை சொல்லுங்க. அதை வச்சுத்தான் வீட்டை வரையப் போறேன்."

ஜீவன் கரோக்கே கேட்டான். தாமரை தன் அறைக்குள்ளேயே பாத்ரூம் கேட்டாள். முகுந்தனுக்குக் கோழி சுட வெளியே பெரிய பலகைத் தளம் வேண்டும்.

"ஆன்டி, உங்களுக்கு?"

தங்கமணி "வந்தும்மா..." என்று வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசிலடித்தது. பாழாய்ப்போன குக்கர்! அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் தாமரை பதில் சொல்லி முடித்திருந்தாள்.

"அக்காவுக்குச் சமையல்னா உயிர். நல்ல கிச்சனா போட்டுக் குடுங்க லா."

சில வாரம் கழித்து, வரைந்த வீட்டை டிவியில் போட்டுக் காட்டினாள் அனுப்பிரியா. ஹாலைவிடப் பெரிய சமையலறை. நடுவில் கருங்கல் மேடை, எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி, கண்ணாடிக்கு அப்பால் காடு. படத்துக்குக் கீழே 'அக்கா கிச்சன்' என்று எழுதியே வைத்திருந்தார்கள். எல்லாரும் டிவியை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்கள். வஞ்சகமில்லாத பாசம்; அதுதான் கொடுமை.

தங்கமணி அறைகளைத் தேடினாள். மூன்று ஜோடிக்கு மூன்று, பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில் போட்டு ஒன்று.

"நான் எங்கடா படுப்பேன்?"

முகுந்தன் சிரித்தான். "எங்க வேணாலும் படுக்கா! வீடே உன்னோடதுதானே? ஹால் சோபாவைப் பாரு, கப்பல் மாதிரி இருக்கு."

அனுப்பிரியா மட்டும் சிரிக்கவில்லை. "ஆன்டி, கிச்சனைக் கொஞ்சம் குறைச்சா ஒரு ரூம் வரும். போடவா?"

கேட்டுவிட்டாள்! வேண்டும் என்று ஒரு வார்த்தை போதும். தங்கமணி தாமரையின் முகத்தைப் பார்த்தாள். "உனக்காகப் பார்த்துப் பார்த்துப் போட்டது அக்கா" என்று தாமரையின் குரல் இறங்கியது.

"வேணாம்மா. கிச்சன் நல்லாயிருக்கு. இருக்கட்டும்."

அடி பாவி மகளே, அங்கேயாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா?

வீடு கட்டி முடிந்து எல்லாரும் தங்கப் போன முதல் சனிக்கிழமை, தங்கமணி முட்டி வலி என்று சொல்லி ஃபிளாட்டிலேயே நின்றுகொண்டாள். வலியெல்லாம் இல்லை. காலையிலேயே எழுந்து கோழிப் பிரட்டலும் புளிச்சோறும் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். கார் போனதும் ஃபிளாட் முழுக்க அவளுடையது.

மத்தியானம் முகுந்தன் மகளின் அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாளைப் போட்டாள். கட்டிலில் கை காலை நீட்டிப் படுத்தபோது சந்தோஷத்தில் தானாகச் சிரிப்பு வந்தது.

தூக்கம்தான் வரவில்லை. யாரோ 'அக்கா' என்று கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. எழுந்து தாழ்ப்பாளை நீக்கிப் படுத்தாள். அப்புறம் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தாள். பிறகு முழுக்கத் திறந்தாள். அப்படியும் கண் மூடவில்லை.

கடைசியில் போர்வையின் சுருக்கத்தை நீவிவிட்டு ஹாலுக்கு வந்தாள். அலமாரிக்குப் பின்னாலிருந்து மடக்குக் கட்டிலை இழுத்து விரித்தாள். படுத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கேட்க யாருமே இல்லாத வீட்டில், வாயைப் பொத்திக்கொண்டுதான் அழுதாள்.