அம்மா சொன்ன வரி

பாச்சாங் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை பார்த்த யுகேந்திரன் இருபத்திரண்டு வயதில் ஞானஸ்நானம் எடுத்தபோது, அம்மா மங்களம் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டுச் சோறு போட்டாள். 1996இல் சர்ச் நண்பர்கள் மூவரோடு அவன் ராக் இசைக்குழு தொடங்கியதும், பயிற்சிக்கு வீட்டுக் கூடத்தையே ஒழித்துக் கொடுத்தாள்.

ஈஸ்டருக்காக அவன் எழுதிய பாட்டு மட்டும் படியவே இல்லை. கிட்டார் துள்ளியது, "தேவரீர் அடியேனைக் கைவிடாதிருப்பீராக" என்ற வரி துள்ள மறுத்தது. பத்தாவது தடவையும் தடுக்கி நின்றபோது, அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள்.

"ஏன்டா, சாமிகிட்ட ஆபீஸ் லெட்டர் மாதிரியா பேசுவாங்க? நான் முருகன்கிட்ட, 'விட்டுட்டுப் போயிடாதப்பா'ன்னுதான் சொல்வேன்."

"எங்க சாமிய அப்படிக் கூப்பிடலாமாம்மா?"

"நீயும் அப்பான்னுதானே கும்பிடுற?"

யுகேந்திரன் பழைய வரியை அடித்துவிட்டு, அம்மா சொன்னதைப் பாடிப் பார்த்தான். டிரம்ஸ் வாசிக்கும் திலீபன் மெல்லத் தட்டத் தொடங்கினான். வரி தானாகத் தாளத்தில் உட்கார்ந்துகொண்டது.

ஈஸ்டரன்று பெம்பான் ஊர் மண்டபத்தில் இளைஞர்கள் எல்லாரும் எழுந்து நின்று அதைப் பாடினார்கள். பின்வரிசையில் திருநீற்று நெற்றியோடு உட்கார்ந்திருந்த மங்களம், பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "பாடுறது எம் பையன் லா," என்றாள்.