இரண்டு நாள் இருந்த மூன்றாவது மகன்

எண்பதுகளின் நடுவில் அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில் இருந்தோம். எனக்கு வேலை பார்க்கிற விசா இல்லை. சும்மா வீட்டில் கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, பையனைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் விட்டுவிட்டு, நூலகத்துக்குப் போய் ஒரு வயதான அமெரிக்க அம்மாளுக்குச் சம்பளமில்லாமல் டைப் அடித்துக் கொடுத்தேன். தான் இங்கிலாந்துப் பிரபு குடும்பம் ஒன்றின் வழிவந்தவர் என்று அவர் சொல்லிக்கொள்வார். அந்த வம்ச வரலாற்றைப் புத்தகமாக்க வேண்டுமாம். பேப்பரில் கூப்பன் வெட்டி வெண்ணெய் வாங்குகிற பிரபு வம்சம் என்று நான் மனசுக்குள் சிரித்துக்கொள்வேன்.

யார் யாரைக் கட்டினார், எந்த மாளிகை யாருக்குப் போனது, எத்தனை பிள்ளைகள், எல்லாத் தலைமுறைக்கும் இதே பாட்டுதான். ஒரு நாள் நான் அடித்த பக்கத்தை அம்மாள் திருப்பிக் கொடுத்தார். ஒரு பிரபுவின் மூன்றாவது மகன் பிறந்து இரண்டே நாளில் இறந்திருக்கிறான். அவனை விட்டுவிட்டு, பின்னால் பட்டத்துக்கு வந்த நான்காமவனை மூன்றாவது மகன் என்று அடித்திருந்தேன். கவனக்குறைவு இல்லை. எங்கள் வீடுகளில் அப்படித்தான் எண்ணுவார்கள்.

“பட்டத்துக்கு வந்தாலும் அவன் நான்காவதுதான். முன்னால் பிறந்தவனின் இடம் அவனுக்கு வராது” என்றார் அம்மாள்.

பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் முதல் பிள்ளை ஆபரேஷனில் பிறந்து இரண்டு மணி நேரம் இருந்தான். மயக்கத்தில் கிடந்த நான் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பதினோராம் நாள்தான் எங்களுக்குப் பெயர் வைக்கிற வழக்கம், அதனால் அவனுக்குப் பெயரும் இல்லை. அடுத்த வருஷம் பிறந்தவனைத் தலைச்சன் என்று ஊரே சொன்னது. மூத்த பேரன் என்று மாமனார் பெயரையும் வைத்தார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு என் மேல்தான்.

அன்று சாயங்காலம் கணவர் ரயிலிலிருந்து வந்து ஷூவைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டேன்.

“இவன் நமக்கு செகண்ட் சன். இனிமே யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லப்போறேன்.”

“சொல்லு” என்றார்.

“அவனுக்கு ஒரு பேர்கூட நாம வைக்கல.”

“வெச்சேன்.”

எனக்குப் புரியவில்லை.

“நீ மயக்கத்துல இருந்தே. இன்னும் கொஞ்ச நேரம்தான்னு டாக்டர் சொல்லிட்டார். நர்ஸ் என் கையில குடுத்தா. காதுல மூணு தடவ சொன்னேன்.”

“என்ன பேரு?”

கார்ப்பெட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்த பையனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா பேருதான். மூத்தவனாச்சே. இவனுக்கும் அதையே வைக்கணும்னு எல்லாரும் சொன்னப்போ, வேண்டாம்னு சொல்ல முடியல. ஏன்னு கேட்டா உன் எதிர்ல சொல்லணுமே.”

மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பதையெல்லாம் ஊரோடு விட்டுவிட்டு வந்தவள் நான். மூன்று வருஷமாக அந்தப் பெயரைத்தான் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தேன். சாப்பிட வா, ஷூ போடு, ரோட்டுக்கு ஓடாதே. வீட்டில் இருந்த நேரமெல்லாம் அவர் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.