இடப்பக்கம் சத்தமில்லை

சமாதான காலம். சண்டையில் பூட்டியிருந்த ஏ-ஒன்பது பாதை திறந்திருந்தது. நான் முள்ளியவளையில் இருந்தேன். வவுனியாவில் ஒரு அரிசி முதலாளி லொறிக்குச் சாரதி தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, மாங்குளம் போய், ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டிப் போனேன். மனைவி பிள்ளைத்தாச்சி. கையில் வேறு வேலை இல்லை.

முன்பு ஓடிய சாரதி ஸ்டியரிங்கில் மயங்கி விழுந்தவராம். அதனால் இன்சூரன்ஸ் காப்புறுதி கிடைக்கிற ஆளுக்குத்தான் வேலை என்றார் முதலாளி. முதலில் டொக்டர் சோதிக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய் வருத்தத்துக்குக் காப்புறுதி இல்லை என்று கொம்பனி முகவர் சொன்னார். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றேன். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

டொக்டர் ஒரு அம்மா. குழாயைக் காதில் மாட்டி என் இடப்பக்க நெஞ்சில் வைத்தார். மூச்சை இழுக்கச் சொன்னார். இழுத்தேன். குழாயைக் கழற்றி உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். திரும்ப என் நெஞ்சில் வைத்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கையிலை துடிக்குது. நெஞ்சிலை சத்தமில்லை."

எனக்குச் சொல்லவில்லை. தனக்குத்தான் சொன்னார். வெளியே சந்தை இரைச்சல் கேட்டது. அறைக்குள் ஒன்றும் கேட்கவில்லை. நான் என் இடப்பக்கத்தில் கை வைத்துப் பார்த்தேன். உண்மைதான்.

"எப்பவாவது அறிவு கெட்டு விழுந்தனீங்களோ?"

விழுந்திருக்கிறேன். இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தபோது மலேரியாக் காய்ச்சல். நெஞ்சில் காது வைத்துப் பார்த்துவிட்டு முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். எனக்குத் திரும்ப நினைவு வந்தபோது முகத்தில் வெள்ளைத் துணி. தலைமாட்டில் விளக்கு. அம்மா ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தா. எழும்பி இருந்தேன். எல்லாரும் ஓடினார்கள். அம்மாவும்தான். அதற்குப் பிறகு ஊரில் எனக்குப் பெயர் செத்தண்ணை. என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்களும் இருந்தார்கள்.

இதைச் சொன்னேன். டொக்டர் குழாயை வலப்பக்கம் வைத்தார். அவர் முகம் மாறியது.

"இஞ்ச இருக்குது."

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். இருதயம் வலப்பக்கம். ஈரலும் மற்றதுகளும் பக்கம் மாறி.

"இது வருத்தம் இல்லைத் தம்பி. பிறப்பு அப்பிடி. ஆனா உங்களோட இருக்கிற ஆக்களுக்குச் சொல்லி வையுங்கோ. அவசரத்துக்கு ஆர் பாத்தாலும் இடப்பக்கம்தான் பாப்பினம்."

முகவர் தலையைச் சொறிந்தார். "டொக்டர் வருத்தமில்லை எண்டுறா. எங்கட கொம்பனிக் கந்தோர் கேக்காது. இது காப்புறுதிக்கு முந்தியே இருந்தது, அண்ணை."

"காப்புறுதிக்கு மட்டும் இல்லைத் தம்பி. எனக்கே முந்தினது."

அவர் சிரிக்கவில்லை. இதனால் வருகிற எதுக்கும் காப்புறுதி இல்லை, மற்றதுக்கு உண்டு என்றார்.

"மற்றது எண்டா?"

"கை, கால்."

வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். முதலாளிதான் சிரித்தார். "லொறிக்கும் ஸ்டியரிங் வலப்பக்கம்தானே. பொருத்தம்தான். நாளைக்கு வா."

வந்து மனைவிக்குச் சொன்னேன். வலப்பக்கம் காது வைத்துக் கேட்டா. "இவ்வளவு காலமும் உங்களுக்கு நெஞ்சில்லை எண்டெல்லோ நினைச்சனான்" என்றா.

பாதை பூட்டும்வரை லொறி ஓடினேன். பிறகு சண்டை. எல்லாரையும் போல நாங்களும் பிள்ளையோடு கடைசிவரை ஓடினோம். ஒவ்வொரு பங்கர்க் குழிக்குள்ளும் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குச் சொல்வேன், நான் விழுந்தால் வலப்பக்கம் காது வைத்துப் பாருங்கோ என்று. சாவதை விட, உயிரோடு விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்பதுதான் என் பயம். "விசர்க்கதை கதையாதையுங்கோ" என்று மனைவி ஏசுவா. ஆனால் நான் சொல்ல மறந்தால் அவாவே சொல்லுவா.

ஒருநாள் காலை, எறிகணை நின்ற பிறகு, நான் அப்படிச் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் என்னிடம் வந்தார். முன்பின் தெரியாதவர். சீலையால் மூடித் தன் மனைவியைக் கிடத்தியிருந்தார்.

"தம்பி, வேற ஆக்களுக்கும் அப்பிடி இருக்குமோ?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் குனிந்து மனைவியின் வலப்பக்கம் காது வைத்தார். கனநேரம் வைத்திருந்தார். பிறகு என்னைக் கேட்கச் சொன்னார். நானும் வைத்தேன். என் காதுக்குள் என் இருதயம்தான் கேட்டது. அதை அவரின் மனைவியுடையது என்று நினைத்து ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டேன். அந்த மனிதரின் கண்ணை நான் மறக்கவில்லை.

நாங்கள் தப்பி வந்தோம். காப்புறுதிக்கு உதவாத உடம்பு இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வழியில் துணியால் மூடி விட்டுவிட்டு வந்தவர்களை நினைப்பேன். அவர்களுக்கெல்லாம் வலப்பக்கம் யார் காது வைத்துப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது.