மூன்றாவது வேண்டாம்

லீட்ரிம் பக்கத்தில் நிலத்தை ஏக்கர் கணக்கில் விற்பதில்லை, குடக்கணக்கில் அளந்து ஊற்றுவார்கள் என்று பக்கத்து மாவட்டத்தார் கேலி பேசுவார்கள். அதில் பொய் கொஞ்சம்தான். ஏரி முடிந்தால் சேறு, சேறு முடிந்தால் இன்னோர் ஏரி. அந்த ஏரிகளில் ஒன்றுக்குள் நாக்கை நீட்டினாற்போல் நீண்டிருக்கும் மேட்டில் கில்ரோவன் கோட்டை நிற்கிறது. கூரை பறந்து முந்நூறு வருஷமாகிறது. மிச்சமிருப்பவை நான்கு சுவர்கள், ஒரு சுழல்படி, அதன் மேலே கணக்கில்லாத காக்கைகள், கீழே ஒரே ஒரு ஓக் மரக் கதவு. கதவுக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு சாவி. அந்தச் சாவி அட்ராக்டா கில்ரேனின் அடுப்படியில் தொங்கியது.

சாலையோரப் பலகையில் அரசாங்கமே எழுதி வைத்திருந்தது: 'சாவி திருமதி கில்ரேனிடம். வெள்ளை வீடு. கதவைத் தட்டவும்.'

சாவி என்றதும் பீரோச் சாவியை நினைத்துவிட வேண்டாம். குழம்புக் கரண்டி நீளம், ஒரு கோழி கனம். அட்ராக்டா இருபத்திரண்டு வயதில் ராஸ்காமனிலிருந்து இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அது மாமியாரின் இடுப்பில் இருந்தது. நான்கு வருஷம் மருமகளை உற்றுப் பார்த்த பிறகுதான் அந்த அம்மாள் சாவியைக் கழற்றிக் கொடுத்தாள். "புருஷனைத் தொலைச்சாக்கூட வேற பாத்துக்கலாம். இதைத் தொலைச்சுராத" என்பதுதான் ஆசீர்வாதம். புருஷன் காஹல் நெஞ்சுவலியில் போய் ஒன்பது வருஷமாகிறது. ஒரே மகன் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை பேசுவான். சாவி மட்டும் முப்பத்தைந்து வருஷமாக அதே ஆணியில், ஏசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே, சின்னச் சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அட்ராக்டா விமானம் ஏறியதில்லை, கப்பல் ஏறியதில்லை. ஏறவேண்டிய அவசியமும் இல்லை. உலகம் தானாக நடந்து வந்து, மிதியடியில் சேற்றைத் தேய்த்து, "சாவி இங்கதானே?" என்று கேட்டது. கேட்டவர்களுக்குச் சாவியோடு டீ கிடைத்தது, சோடா ரொட்டி கிடைத்தது, ஒற்றைக்காது ஹ்யூவின் கதையும் கிடைத்தது. கோட்டையைக் கட்டிய பிரபு அவர். அவருக்கு ஒரு காது எப்படிப் போனது என்பது வருகிறவர்களின் ஊரைப் பொறுத்தது. ஜெர்மன்காரர்களுக்கு, போரில் போயிற்று. பிரெஞ்சுக்காரர்களுக்கு, ஆசைநாயகி கடித்துவிட்டாள். வம்சம் தேடி வரும் அமெரிக்கர்களுக்குக் கதையே வேறு. அவர்களைப் பக்கவாட்டில் திருப்பி, கொஞ்ச நேரம் பார்த்து, "அடடா, மிச்சமிருந்த அந்தக் காது அப்படியே உங்களுக்கு வந்திருக்கே!" என்பாள். அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள்.

இந்த ராஜ்யத்துக்குத்தான் ஏப்ரல் மாதத்தில் ஆபத்து வந்தது, ஒரு பழுப்பு உறையில். புராதனச் சின்னங்களைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து டினேகா என்ற அதிகாரி செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வருவார். சாவி ஏற்பாடு தொடரலாமா, அல்லது எண்களை அழுத்தினால் திறக்கும் பூட்டைக் கதவிலேயே பொருத்திவிடலாமா என்று முடிவு செய்வார்.

"நம்பர் பூட்டா?" என்றார் மாலக்கி. அடுத்த வயல்காரர், கல்யாணம் ஆகாதவர். முப்பது வருஷமாகத் தினமும் டீ நேரத்துக்குத் தற்செயலாக அந்தப் பக்கம் வருகிறவர். "அப்போ உன் கதவை எவன் தட்டுவான்?"

அட்ராக்டா ரொட்டி மாவை அறைந்த அறையில் மேசைக்கடியில் கிடந்த பூனை வெளியே ஓடியது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன டினேகா பத்து மணிக்கே வந்துவிட்டாள். அங்கேதான் முதல் கோளாறு. அந்த ஊரில் பத்து என்றால் பதினொன்றுக்கு முன்னால் யாரும் வரமாட்டார்கள். அட்ராக்டாவின் தலையில் முடி சுருட்டும் ஊசிகள் இருந்தன, நாற்காலியில் ஒரு கோழி இருந்தது, அடுப்போரம் தற்செயலாக மாலக்கி இருந்தார். கோழியை விரட்டிவிட்டு, மூன்று ஊசிகளைப் பிடுங்கிக்கொண்டே, "வா தாயி, உக்காரு. டீ குடிக்கிறியா?" என்றாள்.

"வேண்டாங்க, நன்றி." டினேகா ஹாலந்துக்காரி. நாற்பது வயதிருக்கும், ஈட்டி மாதிரி நிமிர்ந்த முதுகு. டப்ளினுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

"ஒரு வாய் குடி."

"வேண்டாங்க."

"அரை கப்பு? தண்ணி ஏற்கெனவே கொதிச்சுக்கிட்டுத்தான் இருக்கு."

"வேண்டாங்க. வரும்போதே குடிச்சிட்டேன்."

அட்ராக்டா முழுக் கோப்பை ஊற்றி அவள் முன் வைத்தாள். ரொட்டி வைத்தாள். வெண்ணெய் வைத்தாள். புளிப்பான ருபார்ப் தண்டு ஜாமையும் பக்கத்தில் தள்ளினாள். டினேகா அந்தக் கோப்பையை, யாரோ மறந்துவிட்டுப் போன குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு காகிதத்தைப் பிரித்தாள்.

"நேரா விஷயத்துக்கு வரேன். இந்தச் சாவியை நீங்களே தொடர்ந்து வச்சுக்க விரும்புறீங்களா?"

அந்தக் கேள்விக்குத்தான் அட்ராக்டா மூன்று வாரமாகத் தூங்காமல் காத்திருந்தாள். மனசு 'ஆமா ஆமா' என்று குதித்தது. வாய் பழகின வழியில் போயிற்று.

"அய்ய, எனக்கெதுக்கு தாயி! முட்டி வலி வேற. வேற யாராவது நல்லவங்களாப் பாத்துக் குடுத்துருங்க."

சொல்லிவிட்டுப் பணிவாகத் தலையைக் குனிந்து, எதிர்ப்பக்கத்துப் பாட்டுக்குக் காத்திருந்தாள். 'உங்களை விட்டா வேற யாரு?' என்று அவள் சொல்ல வேண்டும். 'சேச்சே, நானெல்லாம் ஒரு ஆளா?' என்று இவள் சொல்ல வேண்டும். 'நீங்க இல்லாட்டி கோட்டையே இடிஞ்சுரும்' என்று அவள் கெஞ்ச வேண்டும். அதன்பிறகு இவள் ஒரு பெருமூச்சு விட்டு, உலகத்துக்காகத் தியாகம் செய்வதுபோல ஒத்துக்கொள்வாள். இந்தப் பாட்டு தெரியாத மனுஷர் லீட்ரிமில் இல்லை.

"புரியுது. ரொம்ப நன்றி" என்றாள் டினேகா. காகிதத்தில் ஒரு கட்டத்தில் குறி போட்டாள். எழுந்தாள். ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். "நம்பர் பூட்டுக்குக் கதவை அளந்துட்டு வந்துடறேன்."

போயே போய்விட்டாள்.

மாலக்கியின் தொண்டையில் ரொட்டி சிக்கியது. அட்ராக்டா அவர் முதுகில் அடித்த அடி ரொட்டிக்காக மட்டும் அல்ல.

"அடிப் பாவி, உனக்கு வேணும்தானே? அப்புறம் ஏன் வேண்டாம்னே?"

"பின்ன? மூஞ்சிக்கு நேரா 'எனக்கே குடு'ன்னு கேக்கச் சொல்றியா? ராஸ்காமன்ல என்னை அப்படியா வளத்தாங்க? அவ இன்னும் ரெண்டு தடவை கேக்க வேணாமாய்யா!"

"கேக்கலியே."

"கேக்கல" என்றாள் அட்ராக்டா. நாற்காலியில் கோழி இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். ஆணி மட்டும் சுவரில் இருந்தது. முப்பத்தைந்து வருஷத்தில் அந்த ஆணியை அவள் இப்படி உற்றுப் பார்த்ததே இல்லை. இவ்வளவு சின்ன ஆணியா?

அப்போது ஏரிப்பக்கமிருந்து 'டமால்' என்று ஒரு சத்தம். காக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பி வானத்தை மறைத்தன.

"காத்து" என்றார் மாலக்கி. "கதவுக்குக் கல்லு முட்டுக் குடுக்கணும்னு அவகிட்டச் சொன்னியா?"

"சொல்ல விட்டாளா?"

ஒற்றைக்காது ஹ்யூவின் கதவு அறைந்து சாத்தினால் தானாகவே பூட்டிக்கொள்ளும். உள்ளே மாட்டிக்கொண்டவர் கையில் சாவி இருந்தாலும் பயனில்லை, உள்பக்கத்துத் துவாரத்தைத் துரு தின்று பல காலமாயிற்று. சாதாரணமாகப் பூட்டினால் யாரும் திறக்கலாம், அப்படி அறைந்து பூட்டிக்கொண்டால் வெளியிலிருந்து திறக்கவே தனி வித்தை வேண்டும். இடுப்பால் கதவைத் தூக்கி, சாவியை முதலில் தப்பான பக்கம் திருப்பி, மாமியார் சொல்லிக்கொடுத்த ஒரு கெட்ட வார்த்தையையும் சொல்ல வேண்டும்.

இருவரும் ஃபிளாஸ்கில் டீயை ஊற்றிக்கொண்டு, மாடுகளை ஒதுக்கிவிட்டுக் கோட்டைக்குப் போனார்கள். உள்ளே சாவி உராயும் சத்தம் கேட்டது. இரண்டாம் மாடிச் சன்னல் இடுக்குக்குக் கீழே நின்று அட்ராக்டா குரல் கொடுத்தாள்.

"தாயி! ஒத்தாசை வேணுமா?"

சற்று நேரத்தில் ஒரு சிவந்த முகம் இடுக்கில் தெரிந்தது. "வேண்டாங்க, நன்றி. நானே பாத்துக்கறேன்."

அட்ராக்டா மெதுவாக மாலக்கியின் பக்கம் திரும்பினாள். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"மாலக்கி, இவ வேண்டாம்னு சொன்னா அது வேண்டாம்தான்யா! டீயும் நெசமாவே வேண்டாம்னுதான் சொல்லியிருக்கா. இப்படியும் ஒரு சனம் இருக்குதே!"

"அப்போ நாம போயிரலாமா?"

"அவுங்க வழக்கத்தை மதிக்க வேணாமா? உக்காரு."

கற்சுவரின் மேல் உட்கார்ந்து டீயை ஊற்றிக் குடித்தார்கள். தூறல் விழுந்தது. தூறல் மழையானது. கூரையில்லாத கோட்டைக்குள் மழைக்கு உள்ளே, வெளியே என்ற பேதம் கிடையாது. கால் மணி கழித்து அட்ராக்டா குடையோடு எழுந்தாள்.

"தாயி! இப்போ?"

"வேண்டாங்க! கிட்டத்தட்டத் திறந்தாச்சு!"

"தொறந்துட்டாளாம்" என்று உட்கார்ந்து இன்னொரு கோப்பை ஊற்றினாள். மேலே காக்கைகள் திரும்பி வந்து, தங்கள் வீட்டில் யாரோ இருப்பதைக் கண்டு சண்டை போட்டன. 'ஆ!' என்று ஒரு சத்தம் கேட்டது.

"மூணாவது தடவையும் கேட்டுரேன்" என்றார் மாலக்கி. அவர் இளகிய மனசுக்காரர், தவிர ஃபிளாஸ்கும் காலி.

"தாயி! வேணுமா?"

உள்ளே சாவி இன்னொரு தடவை உராய்ந்து நின்றது. பிறகு, ஈட்டி வளைந்த குரலில், "வேணும்."

"அப்படின்னா சாவியை இங்க போடு!"

சாவி மேலிருந்து விழுந்தது. அட்ராக்டா ஏப்ரனை விரித்துப் பிடித்தாள். தூக்கினாள், திருப்பினாள், வார்த்தையைச் சொன்னாள். கதவு பசு எழுந்திருப்பதுபோல முனகிக்கொண்டு திறந்தது. தலையில் காக்கை எச்சமும் கையெல்லாம் துருவுமாக டினேகா வெளியே வந்தாள்.

"டீ?" என்றாள் அட்ராக்டா.

"ஆமாங்க" என்றாள் டினேகா.

அடுப்பருகே இரண்டு கோப்பை டீயும் நான்கு துண்டு ரொட்டியும் ருபார்ப் ஜாமில் பாதியும் போன பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது.

"ஒண்ணு கேக்கணும். டீ வேண்டாம்னு தெளிவாத்தான் சொன்னேன். ஏன் திரும்பத் திரும்பக் கேட்டீங்க?"

"ஒரே தடவை கேட்டா அது கேள்வியா தாயி? சும்மா இருமுற மாதிரி. முதல் வேண்டாம் மரியாதைக்கு. ரெண்டாவது வெக்கத்துக்கு. மூணாவதுதான் நெசம்."

டினேகா கோப்பையை வைத்தாள். ஈரமான காகிதத்தை எடுத்து, குறி போட்ட கட்டத்தைப் பார்த்தாள். பிறகு அட்ராக்டாவைப் பார்த்தாள்.

"காலையில நான் ஒரே தடவைதான் கேட்டேன்."

"அப்படியா?" என்றாள் அட்ராக்டா, மேசையில் இல்லாத ரொட்டித் தூளைத் துடைத்தபடி. "நான் எண்ணல."

"திருமதி கில்ரேன், சாவியை நீங்க வச்சுக்கறீங்களா?"

ஒரு சின்ன 'ஆமாம்' போதும். அது வரவில்லை. "சேச்சே, நானெல்லாம் ஒரு ஆளா..."

மாலக்கி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

டினேகா விரலை மடித்து எண்ணினாள். ஒன்று, இரண்டு. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நீங்க இல்லாட்டி அந்தக் கதவை யாராலயும் திறக்க முடியாது. நான் முயற்சி பண்ணிட்டேன். வச்சுக்கறீங்களா?"

அட்ராக்டா நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். அவள் வலதுகை, கதவைத் திறந்ததிலிருந்தே சாவி கிடந்த ஏப்ரன் பைக்குள் போயிற்று. உள்ளே சாவி கதகதப்பாகியிருந்தது.

"நீ இவ்வளவு தூரம் கெஞ்சும்போது, தாயி, நான் எப்படி மாட்டேங்கிறது?"

டினேகா அந்தக் கட்டத்தை அடித்துவிட்டுப் பக்கத்துக் கட்டத்தில் அழுத்தமாகக் குறி போட்டாள்.

அடுத்த வாரம் பெல்ஜியத்திலிருந்து ஒரு தம்பதி வந்து கதவைத் தட்டினார்கள். அவர்களுக்கு ஹ்யூவின் காதுக் கதை கிடைக்கவில்லை. ஓர் அதிகாரி மூன்று நாள் கோட்டைக்குள் மாட்டிக்கொண்டு காக்கை முட்டை குடித்து உயிர் பிழைத்த கதைதான் கிடைத்தது.

"நேத்து ரெண்டு நாள்னுதானே சொன்னே?" என்றார் மாலக்கி.

"நேத்து வந்தவங்க பக்கத்து ஊர்க்காரங்க" என்றாள் அட்ராக்டா. "இவங்க அவ்வளவு தூரத்திலேருந்து வந்திருக்காங்கல்ல?"