கேரம் ரூமின் மஞ்சள் பல்பு

சவரிமுத்துவுக்கு வீடு சாங்வியில், உயிர் ஜிம்கானாவில். புனே கல்லூரிகளில் விளையாட்டுக் கட்டடத்தை ஜிம்கானா என்றுதான் சொல்வார்கள். தேஹு ரோடு ராணுவ டெப்போ தொழிலாளியின் மகன். இங்கே பொறுப்பாளராகச் சேர்ந்து தலை நரைத்துவிட்டது. சாப்பாட்டோடு படுக்கையையும் கட்டிக் கொடுத்துவிடலாம் என்பாள் மனைவி செல்வமேரி. சாயங்காலம் ஹாஸ்டல் பிள்ளைகள் கேரம் போர்டுகளைச் சூழ்ந்துகொண்ட பிறகுதான் மனிதர் முகத்தில் களை வரும்.

அந்தச் சாயங்காலத்துக்கே ஆபத்து வந்தது. கரண்ட் செலவு குறையாவிட்டால் ஜிம்கானாவை ஐந்து மணிக்கே பூட்டிவிடலாம் என்றார் பிரின்ஸிபால். குறைக்கும் பொறுப்பு எலெக்ட்ரிகல் லெக்சரர் கௌஷிக்குடையது. சவரிமுத்து ஓடி ஓடி உதவினார். பேட்மின்டன் ஹால் கூரைக் கண்ணாடிகளின் அழுக்கைத் தேய்த்தெடுத்தார். பகலில் அங்கே விளக்கே வேண்டியிருக்கவில்லை. பழைய ஃபேன்கள் போயின, கீஸருக்கு டைமர் வந்தது. கேரம் ரூம் விஷயத்தில் மட்டும் அவர் மனம் இறங்கவில்லை.

அங்கே ஒவ்வொரு போர்டுக்கும் மேலே தகரக் குடையோடு பெரிய மஞ்சள் பல்பு தொங்கும். மழைக்காலத்தில் பலகை ஈரம் குடித்துவிட்டால் காய் நகராமல் அழும். பல்பின் சூடு பட்டால்தான் வழுக்கிக்கொண்டு ஓடும் என்பது பழைய கேரம்காரர்களின் வேதம். கௌஷிக் அவற்றை எடுத்துவிட்டு எல்இடி மாட்டினார். மழை பிடித்ததும் சவரிமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. கௌஷிக்குக்குத் தெரியாமல் மஞ்சள் பல்புகளைத் திரும்ப மாட்டி, காலையிலேயே போட்டுவிட்டு ரூமைப் பூட்டி வைத்தார். சாயங்காலத்துக்குள் பலகை அப்பளம் போலக் காய்ந்திருக்கும்.

மாதக் கடைசியில் செலவு போதுமான அளவு குறையவில்லை. கௌஷிக் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். சாயங்கால ஆட்டத்தை நிறுத்துவதைத் தவிர வழியில்லை என்று பிரின்ஸிபாலிடம் சொல்லக் கிளம்பினார். ஆசைப்பட்ட சாயங்காலத்துக்குத் தானே உலை வைத்தது அப்போதுதான் சவரிமுத்துவுக்கு உறைத்தது. கௌஷிக்கை நிறுத்திக் கேரம் ரூமைத் திறந்து காட்டினார். வெக்கை இருவர் முகத்திலும் அடித்தது.

"பிள்ளைங்களுக்காகத்தான் சார் செஞ்சேன். பலகை ஈரமா இருந்தா எப்படி ஆடுவாங்க?"

பிராக்டிஸுக்கு வந்த கீர்த்தி பின்னால் நின்றிருந்தாள். லோஹேகாவ் ஏர்ஃபோர்ஸ் குடியிருப்புப் பெண், காலேஜ் டீமில் ஆடுகிறவள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம் தடுக்கும்.

"அங்கிள், தப்பா நினைக்காதீங்க. வெளிய மேட்ச் எல்லாம் எல்இடி கீழதான். அங்க போர்டு ஸ்லோ. இங்க பழகின மாதிரி அடிச்சா பாதியில நின்னுடுது. அதனாலதான் ஹர் பார், ஒவ்வொரு தடவையும் தோக்கறோம்."

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று சவரிமுத்து கேட்டார்.

"நீங்க அவ்வளவு ஆசையா செஞ்சீங்களே."

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக அந்தப் பெண்ணின் மேல் பாசம் வந்தது. ஸ்டூலில் ஏறி, சூட்டுக்குத் துணி சுற்றி, பல்புகளைத் தானே கழற்றினார். பிரின்ஸிபாலிடம் இன்னொரு மாதம் தவணை வாங்கித் தருவதாகச் சொன்ன கௌஷிக், கீழே நின்று எல்இடியை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த மாதம் செலவு நன்றாக இறங்கியது. ஐந்து மணிப் பூட்டுப் பேச்சும் அடங்கியது. மழை கொட்டிய ஒரு சாயங்காலம் கீர்த்தி அவரை ஆட்டத்துக்குக் கூப்பிட்டாள். அவர் சுண்டிய ஸ்ட்ரைக்கர் காயைத் தொடாமலே நின்றது.

"இன்னும் கொஞ்சம் பலமா, அங்கிள்."

சவரிமுத்து கையிலிருந்த கேரம் பவுடரைப் பேன்டில் துடைத்துக்கொண்டு, மறுபடி சுண்டினார்.