கப்பல் செலவு அவர்களுடையது

வெளிநாட்டு வேலை விண்ணப்பத்துக்குப் புகைப்படம் எடுக்கச் சின்னம்மா ரிவியேர் தே ஸாங்கீய் ஊர்க் கடைத்தெருவுக்குப் போன காலையில், அவளுடைய ரவிக்கைக் கழுத்தை இழுத்துச் சரிசெய்து அனுப்பியது நான்தான். சிரிக்கக் கூடாது, நேராகப் பார்க்க வேண்டும் என்று ஸ்டூடியோக்காரர் சொல்லியிருக்கிறார். சிரிக்காத சின்னம்மாவை நாங்கள் அதற்குமுன் பார்த்ததில்லை. படம் வந்ததும் மாமா அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் குனிந்து பார்த்தார், கையால் தொடவில்லை. "பாடம் சொல்லிக் குடுக்க வாய் போதுமே, மூஞ்சி எதுக்குக் கேக்குறாங்க?" என்றார். எங்கள் வீட்டில் பேச்சு, பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் தீவு மொழியான கிரியோலில்தான். அண்ணே, மாமா, தங்கச்சி என்று கூப்பிடுவதற்கும் சாமி கும்பிடுவதற்கும் மட்டும் தமிழ். அன்று பேசியதையெல்லாம் நான் இங்கே தமிழாக்கித்தான் சொல்கிறேன்.

மாமா என் அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் அண்ணன். கரும்புத் தோட்டத்தில் சர்தார், அதாவது வயலில் ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரி. என் அப்பா இறந்தபிறகு நானும் அம்மாவும் அவர் வீட்டிலேயே இருந்தோம். நான் தையல் வேலை செய்தேன். சின்னம்மா கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு டீச்சர். எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வருவதற்குச் சில வருடங்கள் இருந்த காலம் அது. மதராஸ் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்று இங்கிருந்து ஒருவரைப் பிரெஞ்சு கற்பிக்க அழைத்துக்கொள்ளும், அங்கிருந்து ஒருவரைத் தமிழ் கற்பிக்க இங்கே அனுப்பும் என்று அறிவிப்பு வந்தது. இரண்டு வருடம். சம்பளமும் தங்கும் இடமும் கொடுப்பார்கள். கப்பல் செலவும் அவர்களுடையதே. சின்னம்மா அன்றைக்கே விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டாள்.

கப்பல் செலவு அவர்களுடையது என்று கேட்டதும்தான் மாமாவுக்குத் தூக்கம் போனது. எங்கள் ஆட்களுக்கு அது பழைய சங்கதி. மாமாவின் தாத்தாவை இந்தத் தீவுக்குக் கொண்டுவந்ததும் அடுத்தவன் கொடுத்த கப்பல் செலவுதான். அவரையும் ஒரு டாக்டர் பல்லைப் பார்த்து, நெஞ்சைத் தட்டிப் பார்த்துத் தேறியவர் என்றார். அவரையும் நேராகப் பார்க்கச் சொல்லிப் படம் எடுத்து எண் போட்டார்கள். ஒப்பந்தம் அவருக்கு ஐந்து வருடம். பிறகு திரும்பும் வழியை அடைத்துவிட்டார்கள், ஏமாற்றிவிட்டார்கள் என்பது எங்கள் வீட்டில் சோற்றோடு சேர்த்து ஊட்டப்பட்ட கதை. இப்போது சின்னம்மாவின் விண்ணப்பத்திலும் படம், டாக்டர் சான்று, இத்தனை வருடம் என்ற கணக்கு. மாமா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். "அதே கொந்த்ராதான் தங்கச்சி. தாள் மட்டும் வெள்ளையா இருக்கு" என்றார். கொந்த்ரா என்றால் ஒப்பந்தம். சின்னம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு வேறு சந்தேகம். அங்கிருந்து வருகிறவர் இவளுடைய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் இவள் திரும்பி வந்து எங்கே உட்காருவாள்? அதைக் கேட்டேன். "இங்கே எனக்கு என்ன நாற்காலி இருக்கு? நான் கிழவியானாலும் தலைமை டீச்சர் ஆக மாட்டேன், அது நம்ம நிறத்துக்கு இல்லை" என்றாள். அவள் குரலில் அப்படியொரு கசப்பை நான் அதுவரை கேட்டதில்லை. தையல் மிஷினை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். உடனே பழைய சின்னம்மாவாகி, பயணத்துக்கு எத்தனை ரவிக்கை தைப்பாய் என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

நேர்முகத்துக்குத் தலைநகர் போர்ட் லூயிக்குக் கூப்பிட்டபோது மாமாவும் கிளம்பிவிட்டார், துணைக்கு நானும். கல்யாணமாகாத பெண் என்பதால் வீட்டுப் பெரியவரின் கையெழுத்து வேண்டும் என்றிருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு மாமா அதிகாரியைக் குடைந்து எடுத்தார். இவளுக்கு அந்த ஊர் பிடிக்காமல் போனால் யார் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள் என்று கேட்டார். அதிகாரி நல்ல மனிதர், பொறுமையாகவே பதில் சொன்னார்: இரண்டு வருடம் முடித்தால் திரும்பும் செலவு அவர்களுடையது, நடுவில் வந்தால் சொந்தச் செலவு. மாமா எங்கள் பக்கம் திரும்பி, பார்த்தாயா என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். கையெழுத்து அன்று விழவில்லை.

வெளியே வந்ததும், அங்கே சாந்த் குருவா பகுதியில் இருக்கும் நம் கோயிலுக்குப் போகலாம் என்றார். அர்ச்சனை முடிந்து கூட்டம் விலகியதும் தட்டில் கற்பூரத்தை ஏற்றிச் சின்னம்மாவுக்கு முன்னால் நீட்டினார். எங்களில் பெரிய வழக்கெல்லாம் அப்படித்தான் தீரும். எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். "ரெண்டு வருஷம் முடிஞ்சதும் வந்துடுவேன்னு அணைச்சுச் சொல்லு. நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார். சின்னம்மா கையை உயர்த்தவில்லை. கற்பூரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சாமியை ஏன் அண்ணே சாட்சிக்கு இழுக்குறே?" என்று மெதுவாகச் சொன்னாள். கற்பூரம் தானாக எரிந்து அடங்கியது. படித்தவள், சத்தியத்தில் நம்பிக்கை இல்லை என்றுதான் நான் நினைத்தேன். மாமா எங்களைப் பஸ்ஸில் வீட்டுக்குக் கூட்டி வந்தார். மறுநாள் காலை டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கோயிலுக்குப் போனது நல்லதாயிற்று, மனசு இளகிவிட்டது என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

சின்னம்மா பம்பாய்க் கப்பலில் போனாள். மாமாவின் சந்தேகம் இங்கேயே தங்கிவிட்டது. தமிழ் கற்பிக்க வந்தவரைக்கூட அவர் விடவில்லை. உங்களைத் திருப்பி அனுப்புவார்களா, நன்றாக விசாரித்தீர்களா என்று கேட்டு அந்த மனிதரைக் கலங்கடித்தார். சின்னம்மாவின் முதல் கடிதத்தை நான் படித்துக் காட்டியதும், இதை அவள் எழுதினாளா, வேறு யாராவது எழுதினார்களா என்றார். அந்தக் காலத்துக் கூலிகளின் பெயரில் கங்காணிகள் 'இங்கே சுகம்' என்று ஊருக்கு எழுதிப்போடுவார்களாம். சின்னம்மாவுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்டு எழுது என்றார். பெரிய புயலில் நம் வீட்டில் எந்தத் தகரம் பறந்தது என்று கேட்டு எழுதினேன். சமையல்கட்டுத் தகரம், அண்ணன் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார், பிடிக்க முடியவில்லை என்று பதில் வந்தது. மாமா அன்று ரொம்ப நேரம் சிரித்தார்.

இரண்டு வருடம் முடிந்தது. அங்கேயே நிரந்தர வேலை கொடுக்கிறார்கள், இருக்கப் போகிறேன் என்று எழுதினாள். சுதந்திரம் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். என்ன ஆகுமோ என்று பயந்து ஆஸ்திரேலியாவுக்குப் பலர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்று எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். எப்போது வருவாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அன்று அப்படி இல்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பிடித்து வைத்துக்கொண்டார்கள், நீங்கள் சொன்னதுதான் நடந்தது அண்ணே என்று அழுதாள்.

"யாரும் பிடிச்சு வைக்கல" என்றார் மாமா. "தாத்தாவையும் யாரும் பிடிச்சு வைக்கல. அஞ்சு வருஷம் முடிஞ்சப்போ துறைமுகத்துல கப்பல் நின்னுச்சு. டிக்கெட்டுக்குக் காசும் வச்சிருந்தார். அந்தக் காசுல பசு வாங்கினார். எங்க அப்பா சாகும்போது எங்கிட்ட சொன்னது இது." கடிதத்தை மடித்து அம்மாவிடம் கொடுத்தார். "அங்கே அவரோட அம்மா பாத்துக்கிட்டே இருந்திருப்பா. அவகிட்டயும் எவனோ ஏமாத்திட்டான்னுதான் சொல்லியிருப்பாங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. அப்படியென்றால் அவள் திரும்ப மாட்டாள் என்று கோயிலிலேயே உங்களுக்குத் தெரிந்துவிட்டதா என்று கேட்டேன். தலையாட்டினார். பிறகு ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்றேன்.

"அவ கேட்டாளே" என்றார்.

அடுத்த மாதம் தோட்டத்து அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் வந்தான். மாமாவின் வேலைக் கணக்கை முடிப்பது சம்பந்தமாக ஏதோ தாள்களை நீட்டினான். எந்தத் தாளையும் என்னைப் படிக்கச் சொல்லி, சந்தேகம் கேட்டு, மறுபடியும் படிக்கச் சொல்லாமல் தொடாதவர், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். சின்னம்மா திரும்பாததற்கு அழுததைவிட, சந்தேகமே கேட்காத அண்ணனைப் பார்த்து அம்மா அன்றைக்குத்தான் அதிகம் அழுதாள்.