வேண்டாம் என்று சொல்ல ஒரு அட்டை

பேசாத பிள்ளைகளுக்குப் பேச ஒரு வழி தேடித் தருவது என் தொழில்; பிள்ளைகளைவிட வீட்டாருக்குத்தான் அதில் அவசரம் அதிகம். வீடு வீடாக ஏறி இறங்கிப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே புரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் எனக்குக் காலையில் செம்பூரில் ஒரு சின்னப் பள்ளி, மத்தியானத்துக்கு மேல் மாட்டுங்கா, தாராவி என்று பஸ்ஸிலும் ரயிலிலும் ஓட்டம். போய்ச் சேர்ந்த இடத்திலும் மனசு நிற்காது. இந்த வீட்டில் இருக்கும்போது அடுத்த வீட்டுப் பிள்ளை என்ன செய்கிறதோ என்று அரித்துக்கொண்டே இருக்கும்.

கெடு

தாராவியில் மளிகைக் கடை வைத்திருந்த செல்லத்துரைக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கடைக்குப் பின்னால் ஒரே அறையில் குடும்பம். மகள் பொன்னுத்தாய்க்கு ஒன்பது வயது. பேச்சு கிடையாது. கூப்பிட்டால் திரும்பமாட்டாள், சுவருக்குச் சுவர் நடந்துகொண்டே இருப்பாள். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் மட்டும் ‘ஆட்டிசம்’ என்று ஒரு புதுப் பெயரைச் சொல்லியிருந்தார். மற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர்களை நான் இங்கே எழுதப்போவதில்லை.

ஒருநாள் அவள் ரோட்டுக்கு ஓடி லாரிக்கு முன்னால் நின்றுவிட்டாள். அதிலிருந்து, உல்லாஸ்நகரில் துணிக்கடை வைத்திருந்த பெரியப்பா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். ஊர்ப்பக்கம் ஒரு மடத்தில் இப்படிப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்களாம். அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவது. அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. செல்லத்துரை என்னைத் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அண்ணன் பொங்கல் வரைக்கும் பொறுத்துக்கிடுதேன்னு சொல்லியிருக்காவ டீச்சர். அதுக்குள்ள ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை வந்துட்டாப் போதும்.”

லண்டன் படம்

எங்கள் பள்ளியில் ஒரு பெட்டி நிறையப் படஅட்டைகள் உண்டு. வேண்டிய பொருளின் படத்தைப் பிள்ளை எடுத்து நீட்டினால் அந்தப் பொருளைக் கொடுக்கவேண்டும். வாயால் வராத பேச்சைக் கையால் வரவழைக்கும் ஏற்பாடு. ஆனால் படங்களில் இருந்தவை கேக், கம்பளிக் கையுறை, பனியில் இழுக்கும் வண்டி. பொன்னுத்தாய் கேக்கைக் கடித்துப் பார்த்தாள். அட்டைதான் கிழிந்தது.

மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த எங்கள் தலைமையாசிரியையிடம், இந்தப் படங்கள் தாராவிக்கு உதவாது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “படத்துல ஒரு கொறையும் இல்லேடி, லண்டன்லேர்ந்து வந்தது. அந்தக் கொழந்தைக்குத்தான் பார்க்கத் தெரியலை.”

குச்சிப் பொட்டலம்

பார்க்கத் தெரியாத அந்தக் குழந்தையைக் கடைக்குள் விட்டால் தீப்பெட்டி அடுக்கின் முன்னால் மட்டும் நிற்பாள். மேல்படங்களை விரலால் தடவிக்கொண்டே இருப்பாள். இது கண்ணில் பட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெட்டிகளைத் தண்ணீரில் ஊறவைத்துப் படங்களை உரித்து அட்டையில் ஒட்டினேன். விளக்குப் படம் தந்தால் விளக்கைப் போடுவோம். சேவல் தந்தால் முட்டை. ரயில் தந்தால் அப்பாவோடு பாலத்தில் நின்று ரயில் பார்க்கலாம். பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் சேவலைக் கொண்டுவந்து அம்மா மடியில் போட்டாள். அந்த அம்மா முட்டையை அவித்துக்கொண்டே அழுதார். நானும்தான்.

கடைக்காரர் பாடுதான் திண்டாட்டம். பெட்டி போய்விட்டதால் தீக்குச்சியைப் பழைய பேப்பரில் மடித்து விற்றார். வாங்கிப்போன ஒருவர் போன வேகத்தில் திரும்பி வந்தார்: “என்ன அண்ணாச்சி, குச்சியைப் பொட்டலம் கட்டித் தாறிய, எதுல கொண்டுபோய் உரசுதது?”

கறுப்பு அட்டை

கேட்பதற்குப் படம் வந்துவிட்டது. மறுப்பதற்கு? தலைவாரப் போனால் சுவரில் நெற்றியை மோதிக்கொள்வாள். வேண்டாம் என்று சொல்ல அவளிடம் இருந்தது அந்த நெற்றி ஒன்றுதான். ஒரு அட்டை முழுக்க மை பூசினேன். அவள் எதைத் தள்ளினாலும், அந்தக் கறுப்பு அட்டையை அவள் கையைப் பிடித்து அதன்மேல் வைக்கச்செய்து, பொருளை உடனே எடுத்துவிடுவேன். பிடித்துக்கொண்டாள். மோதல் நின்றது. ஆனால் சீப்புமேல் கறுப்பு, கீரைமேல் கறுப்பு. ஒருநாள் நான் உள்ளே நுழைந்து பையை வைத்ததும் என் பைமேலும் கறுப்பு. இன்றைக்கு நானே வேண்டாமாம்! எனக்கு வந்த சந்தோஷத்தில் வந்த வழியே கிளம்பிவிட்டேன்.

தலைவாராத பெண்ணோடு ஒரு வாரம் மல்லுக்கட்டிய அம்மாவுக்குச் சந்தோஷப்பட நேரமில்லை. மறுமுறை போனபோது வாசலிலேயே பிடித்துக்கொண்டார்: “பேச்சு வரணும்னு உங்களை வச்சா, எதுத்துப் பேசவா டீச்சரம்மா சொல்லிக் குடுத்திருக்கிய?”

பெட்டி

பொங்கல் முடிந்தது. பெரியப்பா டிக்கெட்டோடு வந்துவிட்டார். நான் போனபோது பொன்னுத்தாயின் கவுன்களை மடித்து அவர் டிரங்குப் பெட்டியில் வைத்தாகிவிட்டது. செல்லத்துரை சுவரைப் பார்த்து நின்றார். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கேட்கலாமென்றால் எந்தப் படத்தை வைத்துக் கேட்பது? ரயிலைக் காட்டினால் பாலத்துக்குப் போகலாம் என்று நினைத்துச் சந்தோஷமாகக் கிளம்பிவிடுவாளே!

சுவருக்குச் சுவர் நடந்துகொண்டிருந்தவள் பெட்டி அருகே நின்றாள். உள்ளே கிடந்த தன் கவுனைத் தொட்டுப் பார்த்தாள். போய்க் கறுப்பு அட்டையை எடுத்துவந்து துணிகள்மேல் வைத்தாள். “இது எல்லாத்துக்கும் இதைத்தான் வைக்கும், வெளங்கியா செய்யுது?” என்று பெரியப்பா எடுத்துத் தரையில் போட்டார். அவள் குனிந்து எடுத்து மறுபடி வைத்தாள். கத்தவில்லை, முட்டிக்கொள்ளவில்லை. அவரிடம் அந்த வீட்டில் வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். அவர் மறுபடி கை நீட்டியபோது செல்லத்துரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடாமலே சொன்னார்: “எடுக்காதிய அண்ணே. ஒரு வார்த்தை கேட்டியள்லா, எம்மவ சொல்லுதா.”

இத்தனை வருஷத்தில் நான் கண்டது, பேசாதவர்களைப் பேசவைப்பதுகூடப் பெரிய பாடில்லை, பேசுகிறவர்களைக் கொஞ்சம் பேசாமல் இருக்கவைப்பதற்குள்தான் நமக்கு மூச்சு வாங்கிவிடுகிறது.